கூப்பிட்டால் திரும்பாத குழந்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குப் பேசுவது மட்டுமல்ல, பிறர் பேச்சைக் கவனிப்பதும் புரிந்துகொள்வதும் கடினம். வேலூர், ஆம்பூர் வட்டார வீடுகளில் இதைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் சில பாதி உண்மை. சில குழந்தையின் காலத்தை வீணாக்குபவை.

“கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், அவ்வளவு திமிர்.” செவித்திறன் குறைவாகவும் இருக்கலாம் என்பதால் பெரா (BERA) போன்ற செவிப் பரிசோதனை முதலில் வேண்டும். காது சரியாக இருந்தால், மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை தன் பெயருக்குத் திரும்பாதது ஆட்டிசத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். குரலை உயர்த்துவதால் பயனில்லை. எதிரே உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது உதவும்.

“எல்லாம் புரியும், பேசத்தான் மாட்டான்.” அதிகம் ஏமாற்றுவது இதுதான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு “வெளியே போலாமா?” என்றால் குழந்தை வாசலுக்கு ஓடும். ஓடியது சொல்லுக்கா, சாவிக்கா? சாவியைத் தொடாமல், வாசலைப் பார்க்காமல் அதையே சொன்னால் விடை தெரிந்துவிடும். அம்மா ஷூ கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் காலை நேரத்தில், “எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு செருப்பைப் போட்டுக்கிட்டு பாட்டிகிட்ட வா” என்று ஒரே மூச்சில் சொன்னால் குழந்தை அப்படியே நிற்கும். செருப்பைக் காட்டி “செருப்பு போடு” என்று மட்டும் சொல்லி, பத்து நொடி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்தப் பத்து நொடிதான் கஷ்டம். பொறுக்காமல் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னால், குழந்தைக்கு அது இன்னொரு புதிய வாக்கியம்.

“இரண்டு மொழி பேசினால் குழம்பிவிடுவான்.” வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசும் ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. இருமொழிச் சூழலால் ஆட்டிசக் குழந்தைகளின் மொழித்திறன் கூடுதலாகப் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்கு இயல்பாக வராத மொழியில் கொஞ்சலும் குறையும், பேச்சும் குறையும். இழப்பு அங்கேதான்.

“முகவாயைப் பிடித்துத் திருப்பினால்தான் கவனிப்பான்.” கண்ணைப் பார்க்காமலே கேட்கும் குழந்தைகள் உண்டு. வற்புறுத்தினால் பதற்றமே மிஞ்சும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்வதே வழி: சுழலும் சக்கரத்தை உற்றுப் பார்க்கும்போது “சக்கரம்… சுத்துது”.

“படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது.” படங்கள் பேச்சைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை. சொல் காற்றோடு போய்விடும், படம் கையிலேயே இருக்கும்.

“தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார்.” கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், நிபுணர் அல்லாத பணியாளர்கள் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை ஒட்டிப் பேசுவதும், குழந்தை தானாகத் தொடர்புகொள்வதும் கூடின. வேலூர் சிஎம்சி-யின் பாகாயம் வளாகத்தில் உள்ள நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோருக்கான பயிற்சி சிகிச்சையின் பகுதியே.

“அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று ஆண்டுகளைக் கடத்தாமல், பெயருக்குத் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத குழந்தையை இரண்டு வயதுக்குள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.