கிரவற் பாதையிலே தடுமாறும் வண்டி

தமிழாசிரியருக்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்று வினவுவார் உளர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்துவந்த எமக்கு, அதன் பொருளை ஐயமற விளக்கியது ஒரு பிக்கப் வண்டி என்று கூறின் நகைப்பாரும் உளர். நோய் இன்னதென்று துணிதல், அதன் காரணத்தைத் துணிதல், அதனைத் தணிக்கும் வழியைத் துணிதல், அதன் பின்னரே மருந்து செய்தல் என்று வள்ளுவர் வகுத்த முறை மக்கள் உடம்புக்கு மாத்திரம் உரியதன்று. அதனைக் கண்கூடாகக் கண்ட ஒரு நிகழ்ச்சியை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம்மோடு ஒரே விடுதியில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் கிளிநொச்சிப் பகுதியிலே கமம் செய்து வருகின்றார். அவரிடம் ஒரு தொன் சுமை ஏற்றக்கூடிய பிக்கப் வண்டி ஒன்று உண்டு. தார் வீதியில் அது செவ்வனே ஓடும். வாய்க்காற்கரைக் கிரவற் பாதையில் இறங்கியதும் பின்பக்கம் நழுவத் தொடங்கும். 2018 ஆம் ஆண்டு யூலை மாதத்து மாலையொன்றில், வெறுமையாகத் திரும்பிய வண்டி ஒரு வளைவிலே வழுக்கிச் சுழன்றது. பின்சில்லு வாய்க்கால் விளிம்புக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. அன்று காலையிலே அதே வண்டியின் பின்தட்டில் அயற்பிள்ளைகள் ஐவரை ஏற்றிச்சென்று பாடசாலையில் இறக்கியிருந்தார் நண்பர். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

நான்கு ரயர்களையும் மாற்றுமாறு ஒரு கராச்சில் உரைத்தனர், மாற்றினார், பயனில்லை. பாதையே குற்றவாளி, மெதுவாக ஓட்டுக என்று வேறொருவர் உரைத்தார். வண்டியை விற்றுவிடலாமா என்று எம்மை வினவினார் நண்பர். விற்பின் பணம் அவருக்கும் ஆபத்து வாங்குபவருக்கும் ஆகும் என்றோம். இருவரும் ஒரு சனிக்கிழமை அமர்ந்து, நோயை முதலிலிருந்து நாடத் தொடங்கினோம்.

1. நோயைத் துணிதல்

வண்டி சரியில்லை என்பது நோயின் பெயரன்று. அஃது எப்பொழுது, எப்பக்கத்தால், எவ்வாறு தவறுகின்றது என்று வினவுதல் வேண்டும். சுக்கானைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாது நேரே செல்லின் அது ஒரு நோய். முன்பக்கம் திரும்பப் பின்பக்கம் வெளியே வீசப்படின் அது மற்றொன்று. எப்பொழுதும் ஒரே பக்கம் இழுப்பின் காற்றமுக்கமோ, சில்லுகளின் நேரமைப்போ, விடாது பற்றும் பிறேக்கோ காரணமாகலாம். சுக்கான் தளர்ந்து ஆடின் மூட்டுகளைப் பார்த்தல் வேண்டும். எம் நண்பரின் வண்டியிலே தவறியது பின்பக்கம். அதுவும் வெறுமையாய் உள்ளபோதே மிகுதி.

பாதையின் பங்கையும் தனியே பிரித்தறிதல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள தார் வீதியிலே பிறேக் பிடித்தபின் 14 மீற்றரில் நிற்கும். குணகம் 0.4 ஆகவுள்ள தளர்ந்த கிரவலில் அதற்கு 25 மீற்றர் வேண்டும். இது வண்டியின் குற்றமன்று.

நெளிதகரம் போல் பாதையிற் படியும் வரிமேடுகளும் அத்தகையனவே. கீத் மாதர் என்னும் அறிஞர் இவை தோன்றும் வகையைச் சோதித்து 1963 இல் எழுதினார். 2007 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஓரளவு வேகத்துக்கு மேற் செல்லும் சில்லு தானே இவ்வரிகளை உண்டாக்கும் என்று காட்டியது. மேடுகள் 60 சதமமீற்றர் இடைவெளியில் அமைந்திருப்பின், மணிக்கு 30 கிலோமீற்றரிற் செல்லும் சில்லை அவை செக்கனுக்கு 14 முறை தட்டும். வண்டியின் பின்னச்சும் ஏறத்தாழ அத்தகைய விரைவிலேயே துள்ளும் இயல்பினது. தட்டும் விரைவும் துள்ளும் விரைவும் ஒத்துவிடின் சில்லு நிலத்தைத் தொடும் நேரம் குறையும். தொடாத சில்லுக்குப் பிடியும் இல்லை. சுமைக்கென்று வலிதாக அமைந்த தகட்டுவில் வெறும் வண்டியில் வளைந்து கொடாமையால், பின்பக்கம் இன்னும் கூடத் துள்ளும்.

2. காரணத்தைத் துணிதல்

செலவில்லாத சோதனை முதலிலும் செலவுள்ளது இறுதியிலும் வருதல் வேண்டும் என்பது எமது முதல் விதி. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, அதே பாதையில், அதே குறைந்த வேகத்தில், ஆளேற்றாது ஓட்டிப் பார்த்தல் இரண்டாம் விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது மருந்தாயிற்று என்று அறிய இயலாது.

முதலிற் காற்றமுக்கம். வெயிலில் ஓடிய ரயரில் அமுக்கம் கூடிநிற்குமாதலால், வண்டி ஓடுமுன் குளிர்ந்த ரயரிலேயே அதனை அளத்தல் வேண்டும். நான்கிலும் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல் இருந்தது. வெறுமையாக ஓடுங்காலத்துக்கென்று கதவோரத் தகட்டிற் குறித்ததிலும் இது 12 இறாத்தல் மிகுதி. குறைத்தபின் துள்ளல் தணிந்தது; நழுவல் தீரவில்லை. ஈண்டு நின்றுவிட நண்பர் விரும்பினார். தணிதல் வேறு, தீர்தல் வேறு என்று மறுத்தோம்.

அடுத்து மூட்டுகள். முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்தி, சில்லை மேலும் கீழும் பற்றி ஆட்டினோம். அவ்வாறு ஆடின் குண்டுப்போதிகையோ பந்துமூட்டோ தேய்ந்திருக்கும். இடமும் வலமும் பற்றி ஆட்டும்போது ஆடின் சுக்கான் தண்டின் முனைகள் தேய்ந்திருக்கும். இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. பின்னர் அதிர்வைத் தணிக்கும் சொக் அப்சோபர்களைப் பார்த்தோம். பின்பக்கத்து இடப்புறத்தில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. ஒரு குற்றம் அகப்பட்டது. ஆயினும் அதுவே முதற்காரணமா என்ற ஐயம் நீங்கவில்லை. நேர்வீதியிற் செல்லும்போதும் சுக்கான் சற்று இடப்பக்கம் திரும்பியே இருந்ததை யாவரும் கண்டிருந்தனர், எவரும் பொருட்படுத்தவில்லை.

அதனை விளக்கியது அப்பாதையே. மென்மையான புழுதி படிந்த நேரான இடமொன்றில் மெதுவாக ஓட்டி, இறங்கித் தடங்களைப் பார்த்தோம். இடப்பக்கத்திற் பின்சில்லின் தடம் முன்சில்லின் தடத்துக்கு இரண்டு விரல் வெளியே கிடந்தது; வலப்பக்கத்தில் அவ்வளவு உள்ளே கிடந்தது. விலகல் இரு பக்கமும் ஒரே சீராக வெளியேயோ உள்ளேயோ இருப்பின் அது வண்டியின் அமைப்பு. ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் இருப்பின் அச்சு கோணியுள்ளது. கயிறு பிடித்து, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் அளந்தோம். இடப்பக்கம் ஒன்றரைச் சதமமீற்றர் நீண்டிருந்தது. பின்னச்சு ஏறக்குறைய அரைப் பாகை திரும்பியிருந்தது என்பது இதனாற் பெறப்பட்டது.

முந்திய ஆண்டிலே இடப்பக்கத்துத் தகட்டுவில்லில் ஒரு தகடு மாற்றப்பட்டிருந்தது. வில்லை அச்சோடு பிணிக்கும் யூ வடிவ போல்ற்றுகளைச் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குதல் வேண்டும், அது செய்யப்படவில்லை. அவை தளர, அச்சை இடத்தில் நிறுத்தும் நடுப் போல்ற்று முறிந்து, அச்சு பின்னே நகர்ந்தது. தார் வீதியில் ரயரின் பிடி வலிதாதலால் சுக்கானைச் சிறிது திருப்புவதனோடு குறை மறைந்தது. கிரவலிலே பிடி மெலிந்தமையாலும், ஒவ்வொரு குலுக்கத்துக்கும் அச்சு அசைந்தமையாலும், பின்பக்கம் தானே திரும்பியது.

3. தணிக்கும் வழி

அச்சை உரிய இடத்தில் வைத்து, நடுப் போல்ற்றையும் யூ போல்ற்றுகளையும் புதிதாகப் பூட்டுவித்தார் நண்பர். இரண்டு பின் சொக் அப்சோபர்களும் சோடியாகவே மாற்றப்பட்டன. இவற்றுக்கான செலவு, வீணே வாங்கிய நான்கு ரயர்களின் விலையிலும் மிகக் குறைந்தது. ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் போல்ற்றுகளை மீண்டும் இறுக்குவித்தார். தடங்கள் இரு பக்கமும் ஒத்தன. நழுவல் நீங்கியது.

ஆயினும் பாதை மாறவில்லை. 25 மீற்றர் 25 மீற்றரே. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தலும், வளைவினுள்ளே பிறேக்கை அழுத்தாதிருத்தலும் ஓட்டுநர் கடமையாக எஞ்சின. பிள்ளைகளைப் பின்தட்டில் ஏற்றும் வழக்கத்தையும் நண்பர் அன்றோடு விட்டார். செப்பமான வண்டியும் தட்டில் இருப்போரைத் தாங்கிப் பிடிக்காது என்பதை அவர் உணர்ந்தார்.

கணக்கிற் பிழைவிடும் மாணவனுக்குப் புதிய புத்தகம் வாங்கிக் கொடுப்பாரும், பிள்ளையின் இயல்பே அதுதான் என்று கைவிடுவாரும் எம்மிடையே உளர். முன்னவர் ரயர் மாற்றியவரை ஒப்பர். பின்னவர் பாதையைப் பழித்தவரை ஒப்பர். எம் வகுப்பறையிலும் இவ்விரண்டையும் யாம் செய்ததுண்டு. பிள்ளை எழுதிய விடைத்தாளை ஆறுதலாகப் பார்ப்பின், எவ்விடத்தில் அவன் வழிவிலகினான் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். புழுதியிற் கிடந்த தடங்களைக் கண்ட நாள்முதலாக, விடைத்தாளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்த பின்னரே புள்ளி இட்டு வருகின்றோம்.