நான்காம் படிவத்தில் தொடங்கும் விண்ணப்பம்

கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தாப்பாவில்தான் தொடங்குகிறது. அச்சாலை வழியே காய்கறி லாரிகள் இறங்கி வருகின்றன. மலையோரக் கிராமங்களில் வாழும் பூர்வகுடியினரும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழ்வோரும் சிகிச்சைக்குத் தாப்பா மருத்துவமனையை நாடுகின்றனர். அங்குள்ள காத்திருப்புக் கூடத்தில் பாட்டிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளலாம். பாட்டி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நெடுநாளாக அவருக்கு இனிப்பு நீர். மருத்துவர் மலாய்மொழியில் சொல்வதைப் பேத்தி தமிழில் சொல்கிறாள். பாட்டி தயங்கித் தயங்கிச் சொல்வதை மலாய்மொழியில் எடுத்துக் கூறுகிறாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அந்தக் கூடத்தில்தான் பிறந்தது. ஆனால், அந்த ஆசை ஒரு விண்ணப்பமாக மாறுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல அங்கு யாருமில்லை.

இந்தப் பாதை முன்பு இன்னும் நீளமாக இருந்தது. 1905ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 23 மாணவர்களுடன் ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. டான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் பொதுமக்கள் வேண்டுகோள் விடுத்து, நிதியும் திரட்டித் தந்ததால் உருவான பள்ளி அது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. மலாயாவின் மாணவர்கள் பல ஆண்டுகள் அங்கே சென்றுதான் மருத்துவம் பயின்றனர். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 1963இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்புலத்தை உருவாக்கிய முதல் தலைவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். இன்று பத்துக்கும் மேற்பட்ட பொதுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவிலேயே தனியார் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. தொலைவு குறைந்துவிட்டது, போட்டி குறையவில்லை.

விண்ணப்பம் என்றதும் பலருக்குக் கணினித் திரையில் நிரப்பும் பாரம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது நான்காம் படிவத்தில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவப் படிப்பிற்கு எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். நாட்டில் எந்தக் கல்லூரியில் சேர்வதானாலும் இவற்றோடு இன்னொரு பாடத்தையும் சேர்த்து ஐந்திலும் குறைந்தது ‘பி’ பெற்றிருக்க வேண்டும். உயிரியல் இல்லாத தொகுப்பைப் பதினாறு வயதில் தோழிக்காகவோ, சுமை குறைவு என்பதற்காகவோ எடுத்துவிட்டால் பிறகு திரும்பி வருவது கடினம். ஆறாம் படிவத்திலும் இதே கவனம் தேவை. இயற்பியலா உயிரியலா என்ற கேள்வி எழும்போது, மருத்துவத்தை நாடும் மாணவர் உயிரியலை விட்டுவிட முடியாது.

எஸ்.பி.எம். முடிந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மெட்ரிகுலேஷன், பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி தாப்பாவிற்கும் ஈப்போவிற்கும் இடையே கோப்பெங்கில் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெறும் அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடமுண்டு என அரசாங்கம் 2024இல் அறிவித்தது. மற்றொன்று ஆறாம் படிவம். மூன்று பருவங்கள் கொண்ட எஸ்.டி.பி.எம். தேர்வு கடினமானது என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும், வீட்டிலிருந்தே பள்ளிக்குச் சென்று வரலாம் என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். தாப்பா மாணவி ஆறாம் படிவத்தையே தேர்ந்தெடுத்தாள். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் யு.பி.யு. வழியாக இணையத்தில் அனுப்பப்படுகிறது. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவிற்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. இந்தப் பத்தைப் பலர் சிறியதாக நினைக்கின்றனர். மருத்துவத்திற்கு விண்ணப்பிப்பவர்களில் தரப்புள்ளிச் சராசரி 4.00 பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எல்லாரும் 90இல் சமமாக நிற்கும்போது, சீருடை இயக்கத்திலும் விளையாட்டிலும் கழகங்களிலும் சேர்த்த புள்ளிகள்தாம் ஒருவரை முன்னே கொண்டு செல்லும். 4.00 பெற்றும் மருத்துவம் கிடைக்காத மாணவர்களின் வருத்தம் நாளிதழ்களில் அடிக்கடி செய்தியாக வருவதும் இதனோடு தொடர்புடையதே.

அடுத்தது நேர்முகத் தேர்வு. அழைப்பு இணையத்தில்தான் வரும். அதைப் பார்க்கத் தவறினால் வாய்ப்பும் போய்விடும். சில பல்கலைக்கழகங்களில் ஒரே அறையில் தேர்வாளர் குழு கேள்வி கேட்கும். வேறு சிலவற்றில் பல அறைகள் கொண்ட குறுநேர்காணல் நடைபெறுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. ஒவ்வோர் அறையின் வாசலிலும் ஒரு சூழல் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சிந்திக்கச் சிறிது நேரம் தரப்படும். பின் உள்ளே சென்று சில நிமிடங்கள் பேச வேண்டும். மணி அடித்ததும் அடுத்த அறை, வேறு தேர்வாளர், வேறு சூழல். ஓர் அறையில் தடுமாறியவர் அடுத்த அறையில் புதிதாகத் தொடங்கலாம் என்பது இம்முறையின் நன்மை.

தாப்பா மாணவிக்கு அவளுடைய ஆசிரியர் பள்ளியிலேயே இப்படி ஒரு பயிற்சி வைத்தார். வகுப்பறைக் கதவில் அவர் ஒட்டிய தாளில் இருந்தது இதுதான்: மலைக்கிராமத்து நோயாளி ஒருவர் இரண்டு முறை குறித்த நாளில் வரவில்லை, மருந்தும் தீர்ந்துவிட்டது, மூன்றாம் முறை தாமதமாக வந்து நிற்கிறார். மருத்துவராக நீ என்ன சொல்வாய்?

மாணவி உள்ளே சென்றாள். “மருந்தை விடுவது எவ்வளவு ஆபத்து என்று விளக்குவேன், சார். இனிமேல் தவறாமல் வரும்படி கண்டிப்பாகச் சொல்வேன்” என்றாள்.

ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. “அவர் ஏன் வரவில்லை?” என்று கேட்டார்.

“அது தாளில் இல்லையே, சார்.”

“தாளில் இல்லைதான். நீ கேட்டாயா?”

மாணவிக்குப் பாட்டியின் நினைவு வந்தது. ஒருமுறை மழைநாளில் பாட்டியும் மருத்துவமனைக்குப் போகவில்லை. வாடகை வண்டிக்குப் பணமில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, “மறந்துட்டேன் ஐயா” என்று மருத்துவரிடம் சொல்லச் சொன்னார். அவளும் அதை அப்படியே மலாய்மொழியில் சொன்னாள். மருத்துவர் கடிந்துகொண்டார். பாட்டி தலையை ஆட்டினார்.

அவள் மீண்டும் கதவுக்கு வெளியே சென்று, தாளைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள். இம்முறை முதலில் நோயாளியை உட்காரச் சொன்னாள். இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள். ஒரு முறைக்கு இரண்டு மாத மருந்து தர முடியுமா, கிராமத்திற்கு அருகிலுள்ள கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாமா என்று விசாரிப்பதாகச் சொன்னாள். ஆசிரியர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்; பாராட்டவில்லை. அவர் அப்படித்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். யு.பி.யு. முடிவு வந்தபின் குறிப்பிட்ட காலத்திற்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த நாள்களும் விரைவில் முடிந்துவிடும். எனவே, அழுது முடிப்பதற்குள் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது. மருந்தியல், தாதிமை, இயன்மருத்துவம் போன்ற துறைகளை முதலிலேயே ஆராய்ந்து, மனமிருந்தால் மட்டும் விருப்பப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மனமில்லாத துறையை இடத்தை நிரப்புவதற்காக எழுதிவிட்டு, அதுவே கிடைத்தபின் தவிப்பவர்கள் உண்டு.

தனியார் கல்லூரி இன்னொரு வழி. அதற்குச் சில இலட்சம் ரிங்கிட் தேவைப்படும். ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம், பி.தி.பி.தி.என். கடனுதவியும் உண்டு. இவை இரண்டும் சேர்ந்தாலும் முழுச் செலவுக்குப் போதாத குடும்பங்களே அதிகம். வீட்டை அடகு வைப்பதற்கு முன், அக்கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரி என்றால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். முகவரின் வாய்ச்சொல் அங்கீகாரம் ஆகாது.

தாப்பா மாணவி நேர்முகத் தேர்வை முடித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து இரயிலில் திரும்பினாள். தாப்பா ரோட் நிலையத்தில் அப்பா மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்தார். “எப்படிம்மா இருந்துச்சு?” என்றார். “ஆறு அறை, அப்பா. ரெண்டுல தடுமாறிட்டேன்” என்றாள். முடிவு வெளிவர இன்னும் பல வாரங்கள் இருந்தன.

வீட்டில் சாப்பாட்டு மேசைமீது தம்பியின் பாடத் தேர்வுப் பாரம் கிடந்தது. அடுத்த ஆண்டு அவனுக்கு நான்காம் படிவம். எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. “நாளைக்குக் கொடுக்கணும், அக்கா. கூட்டாளிங்க எழுதுறதையே எழுதிடவா?” என்று கேட்டான். அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவனருகில் உட்கார்ந்தாள்.