வேலையை விடாமல் வணிக விமானி உரிமம்: பிரிட்டனின் மாடுலர் வழி

பிரிட்டனில் வணிக விமானி உரிமத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒரே பயிற்சி நிறுவனத்தில் முழுநேரமாகச் சேர்ந்து முதலிலிருந்து கடைசி வரை அங்கேயே கற்பது இன்டக்ரேட்டட் பாதை. தனியார் விமானி உரிமம், கோட்பாட்டுத் தேர்வுகள், இரவுப் பறப்பு, சி.பி.எல். எனும் வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சி, இரட்டை எஞ்சின் தகுதி, கருவிப் பறப்புக்கான ஐ.ஆர். தகுதி எனத் துண்டு துண்டாக, பணமும் நேரமும் சேரச் சேர முடிப்பது மாடுலர் பாதை. மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் கதி. முடிவில் கைக்கு வரும் உரிமம் இரண்டிலும் ஒன்றே. பாடம் கடினம் என்பதும் இரு சாராருக்கும் பொது. பகுதிநேரமாகப் படிப்பவரைத் தனியாக வதைப்பவை காலக்கெடுக்கள்.

எதற்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று. வயலை விற்றோ வீட்டை அடகு வைத்தோ பயிற்சிக் கட்டணம் கட்டிய பிறகு நிறப்பார்வைக் குறை தெரியவந்தால் யாரும் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். அந்தச் சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதால் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். இது தவறான சிக்கனம். முதல் வகுப்புக் காலம் முடிந்தாலும் அதே சான்று இரண்டாம் வகுப்புச் சான்றாகத் தொடரும். நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு அது 60 மாதம் வரை செல்லும். தனியார் உரிமத்துடன் பறந்து நேரம் சேர்க்க அது போதும்.

விமான நிறுவனத்தில் பறக்க விரும்புவோர் பெரும்பாலும் ஏ.டி.பி.எல். எனும் விமான நிறுவன விமானி உரிம அளவிலான கோட்பாட்டுத் தேர்வுகளையே எழுதுகிறார்கள். வான்சட்டம், வானிலையியல், நேவிகேஷன், பறப்புத் திட்டமிடல், விமானத்தின் செயல்திறன் என 13 தாள்கள். முன்பு 14 இருந்தன. தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும். மாடுலர் படிப்புக்கு வரையறுத்த பயிற்சி நேரம் 650 மணி. அஞ்சல்வழி போல வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் குறைந்தது பத்தில் ஒரு பங்கு வகுப்பறையில் நடக்க வேண்டும். வார நாளில் தினமும் இரண்டு மணி, வார இறுதியில் ஐந்து மணி என்று உட்கார்ந்தால்கூட 650 மணி நேரத்துக்குப் பத்து மாதம் ஆகிவிடும். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதமோ வீட்டில் கைக்குழந்தையோ குறுக்கே வந்தால் இன்னும் நீளும். வகுப்பறை நாள்களுக்கான விடுப்பை ஆண்டுத் தொடக்கத்திலேயே எடுத்துவைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

படிப்பு எவ்வளவு இழுத்தாலும் கேட்பாரில்லை. முதல் தாளை எழுதியதும்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த மாதக் கடைசியிலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாத் தாள்களிலும் தேற வேண்டும். ஒரு தாளுக்கு நான்கு முயற்சிகள்தான். தவறினால் ஏற்கெனவே தேறிய தாள்களையும் சேர்த்து முழுத் தொகுதியையும் மறுபடி எழுத வேண்டும். 'ஒரு தாளை எழுதிப் பார்ப்போம், ஊக்கம் வரும்' என்ற யோசனை பகுதிநேர மாணவருக்கு ஆகாது. இரண்டு மூன்று தாள்களுக்காவது ஒருசேரத் தயாரான பிறகே முதல் தேதியைப் பதிய வேண்டும்.

கடைசித் தாளில் தேறியதும் இரண்டாவது கடிகாரம்: 36 மாதங்களுக்குள் சி.பி.எல்., ஐ.ஆர். இரண்டும் கையில் வந்தாக வேண்டும். தேர்வு முடிந்த களிப்பில் ஓய்வெடுத்து, பணம் சேர்ந்தபின் பறக்கலாம் என்றிருப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். சி.பி.எல். பயிற்சியில் சேரவே 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உரிமம் பெறும்போது மொத்தம் 200 மணி நேரம், அதில் 100 மணி விமானத்தின் பொறுப்பாளராக, அதற்குள் 540 கிலோமீட்டர் நெடும்பயணம் ஒன்று. ஆகவே பறப்பு நேரத்தின் பெரும்பகுதியைக் கோட்பாட்டுத் தேர்வுகளுக்கு முன்போ அவற்றுடனோ சேர்த்துவிடுவது நல்லது.

அந்த நேரத்தைச் சேர்ப்பதில் பிரிட்டனின் வானிலை பெரிய முட்டுக்கட்டை. சனிக்கிழமைக்குப் பதிவு செய்த விமானம் தாழ்ந்த மேகத்தால் தரையில் நிற்கும். அடுத்த சனிக்கிழமை பக்கவாட்டுக் காற்று. மே முதல் ஆகஸ்ட் வரை வெளிச்சம் இரவு எட்டு ஒன்பது மணி வரை இருப்பதால், வேலை முடிந்து மாலையில் பறக்கலாம். நெடும்பயணத்தையும் இந்த மாதங்களில் முடித்துவிட வேண்டும். ஐந்து மணி நேர இரவுப் பறப்புப் பயிற்சிக்கு இதே நீண்ட மாலை எதிரி. கோடையில் இருட்டுவதற்குள் சிறிய விமானத் தளங்கள் மூடிவிடும். அதற்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலம்தான் ஏற்றது. ஒரு குளிர்காலத்தைத் தவறவிட்டால் ஏறக்குறைய ஓர் ஆண்டு போயிற்று.

முழுநேர மாணவர் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் வெளியேறிவிடுவதால் பெரும்பாலும் ஒரே விதிமுறையின் கீழ் படித்து முடிக்கிறார். ஐந்தாறு ஆண்டு படிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1999 ஜூலையில் ஐரோப்பியக் கூட்டு விதியான ஜே.ஏ.ஆர். வந்தபோது, 700 மணி நேரம் பறந்து, அங்கீகரித்த பயிற்சி வகுப்பு இல்லாமலே உரிமம் பெறும் பழைய பிரிட்டிஷ் வழி மூடப்பட்டது. 2012 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசாவின் விதிகள் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தன. 2019 டிசம்பர் 20 முதல், பல விமானிகள் இயக்கும் விமானத்துக்கு முதல் தகுதி பெறப் போகிறவர், நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் உயர்நிலைப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும் என்றாயிற்று. குறைந்தது மூன்று மணி நேரப் பறப்பு, அதற்குரிய செலவு.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதால், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு பிரிட்டிஷ் உரிமம் ஈயாசா உரிமமாக எண்ணப்படவில்லை. எல்லாத் தாள்களையும் ஒரே நாட்டின் பொறுப்பில் எழுத வேண்டும் என்ற விதியும் இருந்ததால், பாதித் தேர்வில் இருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதே கேள்வியாயிற்று. இரு உரிமங்களும் வேண்டும் என்றவர்கள் இரு தொகுதித் தேர்வுகளை எழுதினார்கள். இந்தியா திரும்ப எண்ணுபவருக்கு மூன்றாவதாக இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வும் காத்திருக்கும். எந்த நாட்டில் வேலை தேடுவது என்பதைப் படிப்புக்கு முன்பே தீர்மானிப்பதில் இத்தனை செலவு அடங்கியிருக்கிறது.

விதி மாறும்போது பழைய முறையில் தொடங்கியவர்களுக்குச் சலுகை தருவது வழக்கம். 2012 மாற்றத்தில் முன்பே தொடங்கிய ஜே.ஏ.ஆர். பயிற்சி முழுமையாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. ஆனால் தொடங்கியதற்குச் சான்று வேண்டும். சேர்க்கைக் கடிதம், பயிற்றுநர் கையொப்பமிட்ட பதிவுகள், முடித்த ஒவ்வொரு பகுதிக்கும் சான்றிதழ் ஆகியவற்றின் நகலைப் படிப்பவரே வைத்திருக்க வேண்டும். பயிற்சி நிறுவனங்கள் திடீரென மூடப்படுவது இத்துறையில் புதிதல்ல. மூடிய நிறுவனத்தின் அலமாரியிலிருந்து காகிதம் எடுப்பது கடினம். அதே காரணத்தால், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டுவது சூதாட்டம். பாடத்துக்குப் பாடம் கட்டுவது கொஞ்சம் கூடுதல் விலை, நிறையக் காப்பு. விதி பற்றிய ஐயத்துக்குக் கிளப்பில் தேநீர் அருந்துவோர் சொல்வதை நம்பாமல், பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான சி.ஏ.ஏ. வெளியிட்ட விதியின் வாசகத்தைப் படித்து, எழுத்தில் பதில் கேட்டு வாங்குவதே முறை.

ஐ.ஆர். தகுதியும் இரட்டை எஞ்சின் தகுதியும் ஓராண்டுதான் செல்லும். வேலை கிடைக்காவிட்டால் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எனவே 36 மாத வரம்புக்குள், வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டி இவ்விரண்டையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.