வம்சாவளியின் ஓரத்துப் பெயர்கள்





இன்னாருக்கு இன்னார் மகன் என்று தலைமுறைகளைக் கோத்துச் சொல்லும் பட்டியலே வம்சாவளி. அரச குடும்பங்களைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய உரிமைக்கு ஐயம் எழுந்த பிறகே எழுத்தில் ஏறியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் தென்மேற்குப் பகுதியில் 1803ஆம் ஆண்டு இரண்டாம் சரபோசி மன்னர் மராத்தி மொழியில் வெட்டுவித்த போசலே வம்ச சரித்திரம் இதற்கு நல்ல சான்று. துளசா மன்னர் இறக்கும் தறுவாயில் தத்தெடுத்த பிள்ளை சரபோசி. அந்தத் தத்து செல்லாது என்று சொல்லி, துளசாவின் சகோதரர் அமர்சிங் 1787 முதல் 1798 வரை அரியணையில் இருந்தார். பிறகு ஆங்கிலேயக் கம்பெனியின் துணையோடு பட்டம் ஏறிய சரபோசி, மறு ஆண்டிலேயே ஓர் உடன்படிக்கையின் வழியாக நாட்டு நிருவாகத்தை அக்கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார். ஆட்சி கைவிட்டுப் போய், உரிமைக்கும் ஒருமுறை வழக்கு வந்து தீர்ந்த ஒருவர், நாடறிந்த கோயிலின் கல்லில் தம் குலம் முழுவதையும் எழுதுவித்தது தற்செயலாக நடந்ததாக எண்ண இடமில்லை.

இந்தக் குலத்தில் சத்திரபதி சிவாசியையும், 1670களில் தஞ்சையைக் கைப்பற்றிய ஏகோசியையும் அறியாதவர் இல்லை. சரிப்சியை அறிந்தவரோ அரிது. சிவாசியின் தந்தை சாகாசிக்கு அவர் தம்பி. 1624இல் அகமதுநகரை அடுத்த பாத்வடியில் நடந்த போரில் உயிர்விட்டவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிப் பொது வரலாற்று நூல்கள் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைப்பேறு வேண்டிய மாலோசி குடும்பத்தார் சா சரீப் என்ற இசுலாமியப் பெரியாரிடம் நேர்ந்துகொண்டு பெற்ற இரு மக்களுக்கும் அவர் பெயரையே பிரித்து, மூத்தவருக்குச் சாகாசி, இளையவருக்குச் சரிப்சி என வைத்தார்கள் என்று மராட்டிய மரபு கூறுகிறது. அந்த இளையவரின் பெயரே தமிழ் நாவில் சரபோசியாகித் தஞ்சையில் இரு மன்னர்களுக்கு அமைந்தது. பட்டியலின் ஓரத்தில் நின்ற ஒருவருடைய பெயர் இவ்வாறு நடுவுக்கு வந்துவிடுவது உண்டு.

இத்தகைய பட்டியல்களை மிகுதியாகப் பேணியவர்கள் பழைய எபிரேயர்கள். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து மீண்ட கூட்டத்தில் அபாயா, கோசு, பர்சிலாய் என்பவர்களின் வழிவந்த சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாததால் ஆசாரியர் பணிக்குத் தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள் என எஸ்றாவின் புத்தகம் பதிவு செய்கிறது. ஆசாரியர் என்றால் கோயில் பூசனைக்கு உரியவர். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பிழைப்பே போய்விடும் என்ற நிலை அது. விவிலியத்தின் நாளாகமம் முதல் நூலில் முதல் 9 அதிகாரங்களும் பெயர்களால் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும். பெரும்பாலோர் சலிப்போடு தாண்டிச் செல்லும் அந்த அதிகாரங்களில், 'இவனுக்கு இவன் பிறந்தான்' என்ற வாய்பாடு முறியும் இடங்களைக் கண்டுபிடித்துப் படிக்க வேண்டும். எப்பிராயீம் குலத்துச் சேராள் என்ற பெண் மேல் பெத்தோரோன், கீழ் பெத்தோரோன் உள்ளிட்ட ஊர்களைக் கட்டினாள் என்று ஒரே வரி வருகிறது. அரசனின் வேலைக்காக அவனோடு குடியிருந்த குயவர்களைப் பற்றியும், மெல்லிய துணி நெய்த குடும்பங்களைப் பற்றியும் ஓரிரு வரிகள் உண்டு. அரச குலத்துக்கு வேண்டாத இச்செய்திகளைத் தொகுத்தவர் ஏன் விடவில்லை என்று கேட்டால், அந்தக் குடும்பங்களிடமிருந்தே வந்த பழைய ஏடுகள் அவர் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விடை.

பெயர்களைச் சேர்ப்பதைப் போலவே விடுவதும் ஒரு செயல்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714இல் அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூல்களில் முதலாவதான மத்தேயு ஒரு வம்சாவளியோடுதான் தொடங்குகிறது. எனவே காவிரிக் கழிமுகத்தில் அச்சேறிய விவிலியத்தை முதன்முதலாகத் திறந்த தமிழ் வாசகரை வரவேற்றது பெயர்களின் வரிசை. தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக வகுத்துக் காட்டும் அந்த வரிசை, நாளாகமத்தில் உள்ள அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்களைத் தாண்டிச் செல்கிறது. நாடாண்ட மூவர் கணக்குக்காக வெளியே நிற்க, வேறெங்கும் ஒரு செய்தியும் இல்லாத ஆசோரும் ஆகீமும் உள்ளே இருக்கிறார்கள்.

சோழர் செப்பேடுகளிலும் இதே முறையில் நுழையலாம். முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கொடையைக் கூறும் திருவாலங்காட்டுப் பட்டயம் 31 ஏடுகள் கொண்டது. அதன் வடமொழிப் பகுதியிலுள்ள பிரசத்தி, அதாவது குலப்பெருமை கூறும் பாட்டு, சூரியனில் தொடங்கி மனு, இட்சுவாகு, சிபி என்று இறங்கி, தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயனை அடைகிறது. சூரியனிலிருந்து விசயாலயன் வரையிலான பகுதியில் வரலாறு தேடுவது வீண் வேலை. அது குலத்துக்குப் பூட்டிய அணி. அதன் பிறகு வரும் ஐந்தாறு தலைமுறைகளில்தான் கவனம் வேண்டும்.

முதலாம் ஆதித்தனுக்குப் பின் பராந்தகன் என்று பட்டயம் நேரே செல்லும். ஆனால் ஆதித்தனுக்குக் கன்னரதேவன் என்று இன்னொரு மகனும் இருந்தான் என்பது கோயில் கல்வெட்டால் தெரிகிறது. அவன் இராட்டிரகூட இளவரசியின் வயிற்றில் பிறந்தவன் என்றும், அவனுக்கு அரியணை கிடைக்காமற் போனது இரு குலங்களுக்கும் பகை மூண்டதற்கு ஒரு காரணம் என்றும் ஆய்வாளர் கருதுவர். அப்பகையே 949இல் தக்கோலப் போராக முற்ற, அதில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அடுத்த சகோதரர் கண்டராதித்தர் தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவில் பாடியவர். அவருக்கும் அடுத்தவன் அரிஞ்சயன்; பட்டயத்தில் அவன் ஒரு கண்ணி மட்டுமே. ஆற்றூரில் இறந்ததால் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' எனப்பட்ட அவனுக்கு, பேரன் இராசராசன் வேலூர்ப் பக்கம் மேல்பாடியில் பள்ளிப்படை எடுத்தான். பள்ளிப்படை என்பது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில். சில ஆண்டுகளே ஆண்ட அரிஞ்சயனைப் பெயரனுடைய கற்கோயிலே இன்று நமக்கு அடையாளம் காட்டுகிறது.

பட்டயத்துக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு முழுமையாகத் தெரியும் இடம் இராசராசனின் அண்ணன் இரண்டாம் ஆதித்தன் என்னும் ஆதித்த கரிகாலனின் முடிவு. விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் அவன் மறைந்தான் என்று நயமாகச் சொல்லிவிட்டு, சிற்றப்பன் உத்தம சோழன் நாட்டை விரும்பும் வரை தனக்கு அது வேண்டாம் என்று தம்பி அருள்மொழி, அதாவது பின்னாளைய இராசராசன், ஒதுங்கினான் எனப் பட்டயம் மேலே செல்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கு இந்த நயம் தெரியாது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களை அது தருகிறது. அவர்களில் இருவர் பிரமாதிராசன் என்ற அரசுப் பட்டம் பெற்ற அதிகாரிகள். அவர்களுடைய உடைமையோடு தம்பிமார், மக்கள், மனைவியர், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மக்களை மணந்தவர்கள் ஆகியோரின் உடைமையும் பறிமுதலுக்கு உரியதாகிறது. உரிமையைக் கொடுக்க எழுதும் வம்சாவளிக்கு நேர் எதிராக, உரிமையைப் பறிக்க எழுதிய வம்சாவளி இது; பெரும் பட்டயங்கள் எவையும் உறவுமுறைகளை இவ்வளவு நுணுக்கமாக எண்ணியதில்லை. இளவரசனின் கொலைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று நாவலாசிரியர்கள் வளர்த்த கதைகளில் மயங்குமுன், இந்த உறவுப் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசிப்பது நல்லது.

பெண்களைப் பட்டயங்கள் பெரும்பாலும் தாய் என்றோ மனைவி என்றோ சொல்லிக் கடந்துவிடும். கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார் பட்டயங்களின் வழியாக மட்டுமே தெரியவந்திருந்தால், அவர் இரண்டு ஆண்களுக்கு இடைப்பட்ட ஒரு பெயராக நின்றிருப்பார். கழனிகளுக்கு நடுவே இருந்த செங்கல் தளிகளை, அதாவது கோயில்களை, கற்றளிகளாக அவர் மாற்றிய பணி சோழ நாடெங்கும் சான்றாக இருக்கிறது. கும்பகோணத்துக்குக் கிழக்கே உள்ள கோனேரிராசபுரத்தில், கணவர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஒரு சிற்பத்தை வைத்து, அதன் கீழ்க் கல்வெட்டும் பொறித்திருக்கிறார். அத்தளியை எழுப்பிய சாத்தன் குணபத்தனின் பெயரும் அங்கேயே இருக்கிறது. திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது சிதறிக் கிடந்த கல்வெட்டுகளை அழியவிடாமல் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிக்கவும் வைத்தார். தமக்கு முன் விளக்குக்கு ஆடும் பொன்னும் கொடுத்த எளிய கொடையாளர்களின் பெயர்கள் இன்று கிடைப்பது அதனால்தான். அக்காலத்து மன்னர்கள் எவரும் வரலாற்றுக்குச் செய்ததைவிட இது பெரிய உதவி என்று துணிந்து சொல்லலாம்.

இத்தகைய எளியவர்களின் பெயர்களுக்கு இன்னொரு சான்றாகத் தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிச்சுற்றில் இராசராசனின் 29ஆம் ஆண்டை ஒட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. சோழநாட்டுத் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடற்பணி செய்த மகளிரை, தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, அதில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர் என்ற ஒழுங்கில் அது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சிறகு என்பது தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை. திருவாரூர், பழையாறை, திருவையாறு என்று ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டே இருக்க, தந்தை பெயர் ஒன்றும் வராது. நக்கன் என்ற ஒரே முன்னொட்டைத் தாங்கி அனைவரும் சிவனுக்கே உரியவர்களாக நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். இப்பங்கைப் பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ முறைப்படி அடுத்த உறவினர் காணியைப் பெற்றுப் பணி செய்யலாம். அவர் அப்பணிக்குத் தகுதி இல்லாதவரானால் தகுதி உள்ள வேறொருவரை அமர்த்திப் பணி செய்வித்து நெல்லைப் பெறலாம். நெருங்கிய உறவே இல்லையென்றால் அதே பணியைச் செய்யும் கூட்டத்தார் கூடித் தகுதி உள்ள ஒருவரைத் தெரிந்து அமர்த்த வேண்டும்.