போன வாரம் இறங்கியது இந்த வாரம் இறங்கவில்லை என்றால்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாந்தி இரண்டு விதமாக வரும். அவசரமாக விழுங்கிவிட்டாலோ, ஒரு வாய் கூடுதலாகப் போய்விட்டாலோ வருவது ஒரு விதம். அது அன்றோடு சரியாகிவிடும். போன வாரம் நன்றாக இறங்கிய உணவு இந்த வாரம் இறங்காமல் திரும்பி வருவது இன்னொரு விதம். அப்படி வந்தால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வீட்டில் பொறுத்திருக்கக் கூடாது. அறுவை செய்த மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் செய்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்கிற சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். அந்த இணைப்பின் வாயே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். புண் ஆறும்போது தழும்பு கெட்டிப்பட்டு அந்த வாய் இன்னும் சுருங்கிப்போவது சிலருக்கு நடக்கும், பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். இணைத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவது, தையலில் இழுவை இருப்பது, அங்கே புண் வருவது எனக் காரணங்கள் பல. எடைக்குறைப்புக்கான இன்னொரு அறுவையான ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இரைப்பை வளைகிற இடத்தில் இதுபோன்ற அடைப்பு வரலாம்.

நீராகாரம், மசித்த உணவு எல்லாம் தாண்டி மெத்தென்ற உணவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தொடங்கியது. குழைந்த சாதமும் பருப்பும் சிக்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் காலை இட்லி நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே ஏதோ கனமாக அழுத்தியது, வாய் நிறைய எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. முதலில் வெள்ளை நுரையும் கோழையும் வந்தன. கடைசியில் இட்லித் துணுக்குகள், விழுங்கிய கோலத்திலேயே. கசப்பில்லை, பித்தத்தின் மஞ்சள் நிறமும் இல்லை. உணவு குடலுக்குள் போகவே இல்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அடுத்து வந்த நாட்களில் குழைந்த சாதம் நின்றது, பிறகு கஞ்சி, பிறகு மோர்கூட மடக்கு மடக்காகத்தான். திட உணவில் தொடங்கித் திரவம் வரைக்கும் வருகிற இந்த வரிசையைக் கவனியுங்கள். இணைப்பின் வாய் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

“கொஞ்சமா சாப்பிடத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டே, இப்படித்தான்டி இருக்கும். போகப் போகப் பழகிடும்” என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா, “ஆளே பாதியாயிட்டீங்களே!” என்று சந்தோஷப்பட்டார். இரண்டு பேருமே அன்பில் சொன்னதுதான். ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஆபத்தான மெலிவுக்கும் பாராட்டுத்தான் கிடைக்கும் என்பது என்னைக் கலங்க வைக்கிறது. என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மருத்துவர் அந்த இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததுமே எண்டோஸ்கோபிக்கு எழுதிவிட்டார்.

எண்டோஸ்கோபிக் குழாய் அந்த இணைப்பைத் தாண்டவில்லை. மயக்கம் கொடுத்திருந்ததால் எனக்கு எதுவும் தெரியாது. குழாய் வழியாகவே சின்ன பலூனை அனுப்பி, சுருங்கிய இடத்தில் வைத்து விரித்து, சற்று நேரம் பிடித்திருப்பார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரேயடியாக விரித்தால் கிழிந்துவிடும் அபாயம் இருப்பதால் படிப்படியாகத்தான் செய்வார்கள். அதனால் மறுபடியும் வரச் சொன்னால் முதல் தடவை தோற்றுவிட்டது என்று மனம் உடைய வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று தடவைக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். மறு அறுவை வரை போவது மிகச் சிலர்தான். வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சிலோ வயிற்றிலோ கடுமையான வலி, காய்ச்சல், படபடப்பு, மூச்சுத் திணறல் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனிச் சொல்வதை வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும். நம் ஊரில் வாந்தி நிற்கவில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கம். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் பெரிய ஆபத்து இருக்கிறது. வைட்டமின் பி1, அதாவது தையமின், உடம்பில் சில வாரங்களுக்குத்தான் இருப்பு நிற்கும். வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்துபோகும். அந்த நிலையில் தையமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் என்று அது காட்டும். தாமதமானால் முழுதாக மீளாமலும் போகலாம். “பைபாஸ் பண்ணியிருக்கு, பல நாளா வாந்தி, முதல்ல பி1 ஊசி போடுங்க” என்று கூட வருபவர் தயங்காமல் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அடைப்பு இருக்கும் நாட்களில் வடிகட்டிய திரவங்கள் மட்டும்தான். பருப்புத் தண்ணீரை நம்பிவிடாதீர்கள், அதில் புரதம் சொற்பம். மருத்துவர் சொல்கிற புரோட்டீன் பவுடரைப் பாலிலோ மோரிலோ கலந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் என்னை நிமிர்த்தி வைத்தது. பலூன் வைத்து விரித்த பிறகு, மருத்துவர் அனுமதித்ததும், தயிர், மெத்தென்று வேகவைத்த முட்டை, முள் நீக்கி மசித்த குழம்பு மீன் என்று போனேன். இட்லி நோயாளிக்கு ஏற்ற உணவு என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. ஆனால் சரியாக மெல்லாவிட்டால் அது மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். சப்பாத்தி, ரொட்டி, பரோட்டா எல்லாம் அப்படித்தான். வறண்ட கோழிக்கறி, முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். டீஸ்பூனில் எடுத்து, கூழாகும் வரை மென்று, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடைவெளி விட்டால் சாப்பாடு அரை மணி நேரம்கூட ஆகும். ஆகட்டும். தண்ணீர் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துத்தான்.

அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், அழுத்தம்தான் கூடும். எழுந்து மெல்ல நடந்துகொண்டு காத்திருங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைந்துவிட்டது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் உடம்பு வலிக்கென்று கவரில் போட்டுத் தருகிற மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இருக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு அவை இணைப்பில் புண் உண்டாக்கி மறுபடி அடைப்பில் கொண்டுபோய் விடலாம். பீடி, சிகரெட்டும் அதையே செய்யும். வலிக்குப் பாராசிட்டமால்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மாத்திரை இறங்கவில்லை என்றால் நீங்களாகவே பொடித்துவிடாமல், திரவமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

என்ன அறுவை, எப்போது செய்தது, எந்த மாத்திரை ஆகாது, மூக்கு வழியாகக் குழாய் போட நேர்ந்தால் என் அறுவை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். அதன் படம் என் கணவரின் போனிலும் இருக்கிறது.