கூண்டு ஏறும் ஊருக்கு வரும் மகளுக்கு

வேதாரண்யம்

அன்பு மகளே,

இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் உனக்கு வேலை போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். ரொம்ப சந்தோஷம். கூடவே, "அங்கே புயல் வருமாமே" என்று உன் அம்மா கலங்குவதையும் சொன்னான். கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு அந்தக் கலக்கம் நியாயம்தான். வராது என்று சொல்லி உன்னை ஏமாற்ற எனக்கு மனமில்லை. வரும். ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை இங்கே எல்லோருக்கும் ஒரு காது வானிலைச் செய்தியில்தான் இருக்கும்.

கஜா புயலைப் பற்றி நீ கேள்விப்பட்டதெல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். 2018 நவம்பர் 15ஆம் தேதி இரவு பலமெடுத்த காற்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். முதலில் அடித்தது வாடை. வடக்குப் பக்கச் சன்னலெல்லாம் கொக்கி தெறித்துவிடும்போல அதிர, நானும் உன் பெரியம்மாவும் பீரோவை இழுத்துப்போட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். அப்புறம் சட்டென்று காற்று நின்றது. தெருவில் ஆள் குரல், டார்ச் வெளிச்சம். எல்லாம் முடிந்ததென்று மாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் நின்று, "உள்ளே போங்கடா, இது கண்ணு" என்று கத்தினார்.

அவர் சொன்னது சரி. நம் கரைக்கு வரும் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். அதன் காற்று இடமாகச் சுற்றும். கண் என்கிற நடுமையம் தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கும். மையம் கடந்ததும் அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். வாடையில் வேர் தளர்ந்து நின்ற தென்னைகளில் பலவற்றைச் சாய்த்தது அந்தத் தென்காற்றுதான். காற்று நின்றதென்று நம்பி நீ ஒருநாளும் வெளியே கால் வைக்காதே. நின்றது எங்கே, எதனால் என்று ரேடியோ சொல்லட்டும்.

விடிந்து பார்த்தால் கொல்லை முழுக்க வெயில். அந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. விழுந்த மரங்களாவது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். நின்ற மரங்களில் பலவற்றுக்குக் குருத்து முறுகிப்போயிருந்தது. அவை பிழைக்குமா, வெட்டிவிடுவதா என்று மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். நெட்டைத் தென்னை வைத்தால் பாளை விட ஐந்தாறு வருஷமாவது ஆகும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை ஒன்றையே நம்பி இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றிவந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக் காசு வாங்கினார்கள், செல்போன் சார்ஜுக்கும் வாங்கினார்கள். கொள்ளை என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீசலை அவர்களுக்கு யார் சும்மா கொடுத்தார்கள்?

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான். கஜாவை மறக்காதே, ஆனால் அதை வைத்து அடுத்த புயலை அளக்காதே. அன்று சாயங்காலம் இங்கே பல பெரியவர்கள், "எழுபத்தேழையே பார்த்தவன் நான்" என்றபடி உட்கார்ந்திருந்தார்கள். 1977 நவம்பரில் நாகையை அடித்த புயலைத் தாங்கிய வீடு இதையும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. அதே பேச்சை இன்று கஜாவின் பெயரைச் சொல்லி இளவட்டங்கள் பேசுகிறார்கள். ஒரு புயலைப் போல இன்னொன்று வருவதில்லை, அம்மா. 2008இல் வந்த நிஷாவில் காற்று பெரிதாக இல்லை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டி ஊரையும் வயலையும் மூழ்கடித்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் கடலே ஏறி வந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையோடு போயிற்று, ஊரையும் பிறகு கைவிட்டார்கள். காற்றுக்குக் காங்கிரீட் வீடு போதும். கடல் ஏறினால் தாழ்வான இடத்தில் இருக்கும் காங்கிரீட் வீடும் உதவாது. ஆகவே உனக்கு வாடகை வீடு பார்க்கும்போது சுவரைத் தட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. மேடா பள்ளமா, வாசலில் தென்னை நிற்கிறதா என்றும் பார்க்கிறேன்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் தெரிந்துகொள். எண் கூடக் கூடப் புயலின் பலமும் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் அந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதில்தான் வேறுபாடு. "எட்டுதானே ஏற்றியிருக்கிறான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கிளம்பு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு உனக்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

கிளம்புவது பகலில் இருக்கட்டும். கஜாவுக்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு மாற்றியதால்தான் எத்தனையோ உயிர் தப்பியது. அப்படியும் வர மறுத்தவர்கள் உண்டு. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆட்டையும் மாட்டையும் எங்கே கட்டுவது, வயசுப்பெண்ணைக் கக்கூஸ் சரியில்லாத இடத்தில் எப்படிப் படுக்கவைப்பது என்றுதான் பலர் தயங்கினார்கள். இது உனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். புயல் வந்தால் இந்தப் பக்கத்தில் பல பள்ளிக்கூடங்கள் முகாமாகிவிடும். நீ அங்கே டீச்சர். கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, சத்துணவுக்கூடத்தில் அடுப்பெரிக்க என்ன இருக்கிறது, மாடு கட்ட மேடான இடம் உண்டா என்பதையெல்லாம் வெயில் அடிக்கும்போதே பார்த்து வைத்துவிடு. பிள்ளைகளிடமும் பேசு. கண் கடப்பதைப் பற்றி நீ வகுப்பில் சொன்னால் ராத்திரி அது அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

உன் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி எடுத்துவா. டார்ச் இங்கே வாங்கிக்கொள்ளலாம். அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், அதற்கு முன்னாலேயே வந்து சேர். வந்த அன்றைக்கே, பள்ளிக்கூடச் சாவி ராத்திரியில் யார் வீட்டில் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்.

உன்,
பெரியப்பா