நேர்ஸ் படிப்பு: எந்த வாசலால் உள்ளே போவது?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டன், நுவரெலியா பஸ் நிலையங்களிலும் மின்கம்பங்களிலும் விளம்பரத் தாள்கள் ஏறிவிடும். "ஆறு மாதத்தில் நேர்ஸ் ஆகலாம்", "வீட்டிலிருந்தே படிக்கலாம்", "வெளிநாட்டு வேலை உறுதி." மண்சரிவில் வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு உறவினர் லயத்தில் ஒதுங்கியிருக்கும் தாய்க்கு, இந்தத் தாள் ஒரு வழி திறந்தது போலவே தெரியும். 1977க்குப் பின் வன்னிக்குப் போய்க் காடுவெட்டிப் பயிர்செய்து, போரில் அதையும் இழந்து திரும்பிய குடும்பத்துக்கும் அப்படித்தான். நிலம் போனபின் பிள்ளையின் படிப்பு ஒன்றுதானே மிச்சம்! அதனால்தான் காசு கட்டுவதற்கு முன் இந்தப் பாடத்தை ஒருமுறை சேர்ந்து வாசிக்கச் சொல்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடநெறிக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது சரியாக 200 நாள் பேர். சாப்பாடு, பஸ், கடன் ஒன்றும் இதில் இல்லை. இவ்வளவு கொடுத்து வாங்கும் சான்றிதழ் பிள்ளையை நேர்ஸாக்குமா, நேர்ஸுக்கு உதவியாளாக்குமா? கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

நமது நாட்டில் தாதியாக வேலை செய்ய இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் அந்தப் பதிவு உள்ளவர்கள் அல்லர். சில மாதங்களில் முடியும் தாதி உதவியாளர் பாடநெறி என்.வி.கியூ. சான்றிதழைத் தரலாம். அது நேர்மையான தொழில்தான். தனியார் ஆஸ்பத்திரியிலும், முதியோரைப் பராமரிக்கும் வீடுகளிலும் வேலை கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அரச ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தர் ஆக முடியாது. விளம்பரம் இந்த வித்தியாசத்தைச் சின்ன எழுத்தில் போடும், அல்லது போடவே போடாது. ஆகவே நிறுவனத்திடம் நேரே கேளுங்கள்: "முடித்தபின் தாதியர் பேரவையில் பதியலாமா? பதிந்த பழைய மாணவர் ஒருவரைக் காட்டுங்கள்." உதவியாளர் படிப்பு என்றால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பதில் இழுபட்டால் காசை எடுத்துக்கொண்டு திரும்புங்கள். தனியார் நிறுவனம் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. சிலவற்றுக்கு அங்கீகாரம் உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை.

இனிச் சரியான வாசல்கள்.

முதலாவது, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள். மூன்று ஆண்டுப் படிப்பு. கட்டணம் இல்லை, மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் உண்டு. முடித்ததும் அரச சேவை. குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் இவை இருக்கின்றன. "கண்டிதான் திறம், மற்றது சரியில்லை" என்று நம் ஆட்கள் பேசிக்கொள்வார்கள். எந்தக் கல்லூரி என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை, பாடத்திட்டமும் ஒன்றே. கண்டி கிடைக்கவில்லை என்று வந்த இடத்தை விட்டுவிடுவது மடத்தனம்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, றுகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர முதலிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. உயிரியல் பிரிவில் நல்ல இஸட் புள்ளி வேண்டும். மதிப்புக் கூடுதல், பின்னால் விரிவுரையாளர் ஆகவும் வழி உண்டு. ஆனால் பட்டம் முடித்தவர்கள் நியமனத்துக்குக் காத்துக்கிடந்ததும் உண்டு. வீட்டில் உடனே ஒரு சம்பளம் வேண்டுமென்றால், பேர் சற்றுக் குறைந்தாலும் பயிற்சிக் கல்லூரியே மேல் என்பது எங்கள் கருத்து. வேறு விதமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, திறந்த பல்கலைக்கழகம். இங்கேதான் குழப்பம் அதிகம். 1994 இல், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, தாதியருக்கான பட்டப்படிப்பைத் தொலைக்கல்வியாக அது தொடங்கியது. ஏற்கெனவே பயிற்சி பெற்று வாட்டில் வேலை செய்யும் தாதியர், வேலையை விடாமல் பட்டம் எடுப்பதற்காக வந்த படிப்பு அது. உயர்தரம் முடித்த பிள்ளை வீட்டிலிருந்து நேர்ஸ் ஆவதற்கல்ல. ஊசி போடுவதையும் காயம் கட்டுவதையும் தபாலில் படிக்க முடியுமா? முதலில் மூன்றாண்டு டிப்ளோமா, பிறகு சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் என்று போனால், மற்றப் பிள்ளை நேராகப் பெற்ற பட்டத்தை உங்கள் பிள்ளையும் சில வருடம் பிந்திப் பெறலாம்.

இவை தவிர மருத்துவிச்சிப் பயிற்சி ஒன்றரை ஆண்டு. லயங்களுக்கு ஏறி இறங்கும் வேலை. நம் பகுதிக்கு மிகத் தேவையானது. அதையும் மறக்க வேண்டாம்.

இப்போது சில தரகர்கள் "நேர்ஸ் பிரக்டிஷனர்" என்ற பெயரையும் சொல்கிறார்கள். அது வெறும் பெயரல்ல. 1965 இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும், டாக்டர் எட்டாத இடத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நோயைப் பரிசோதித்து மருந்து எழுதவும் அங்கே அந்தத் தாதியருக்கு அதிகாரம் உண்டு. நம் தோட்டத்து டிஸ்பென்சரை நினைத்தால் விளங்கும். டாக்டர் பட்டமில்லாமலே எத்தனை காய்ச்சலையும் பிரசவத்தையும் பார்த்தவர்கள் அவர்கள்! ஆனால் அமெரிக்காவில் அது பதிவு பெற்ற தாதி பட்டத்துக்குமேல் படிக்கும் படிப்பு. உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அதை நேரடியாகத் தருவதாக ஒருவர் சொன்னால், அவரை நம்ப வேண்டாம்.

இனி இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பெட்டியோடு போன கடதாசிகள் எத்தனையோ! பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் கேட்டுப் பெறலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். வர்த்தமானி அறிவித்தல் வந்தபின் ஓடினால் நாள் போதாது. பெயரையும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்று நம் பிள்ளைகளின் பெயர் கிடப்பது புதிதல்ல. நேர்முகத் தேர்வு அன்றைக்கு அதைத் திருத்த முடியாது.

முகவரி இன்னொன்று. லயத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்டத்துக் கந்தோரில் தங்கி, தேதி கடந்தபின் கைக்கு வந்த கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். பாடசாலையின், அல்லது டவுனில் இருக்கும் நம்பிக்கையான உறவினரின் முகவரியைக் கொடுங்கள்.

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். மேற்படிப்பு ஆங்கிலத்தில், வாட்டில் பேச்சு அநேகமாகச் சிங்களத்தில். பயந்து பின்வாங்கும் பிள்ளைகளை அறிவோம். ஆனால் 2017 மே மாதம் திறந்த டிக்கோயாவின் 150 கட்டில் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் தாய்மாரில் எத்தனை பேர் தங்கள் வலியைச் சிங்களத்தில் சொல்லக்கூடியவர்கள்? "இங்கே குத்துது, அங்கே இழுக்குது" என்று சொன்னால் விளங்கும் ஒரு நேர்ஸ் நிற்பது மருந்துக்குச் சமம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விண்ணப்பம் போடும் நாளிலிருந்தே பழகட்டும்.

குழுவில் கூடும்போது, அவரவர் வீட்டுக்கு வந்த விளம்பரத் தாளைக் கொண்டுவாருங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பதிவு, காலம், கட்டணம், வாட்டில் பயிற்சி உண்டா என்ற நான்கையும் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாத இடத்தைச் சுழித்துவையுங்கள். அந்தச் சுழியைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல், பாடசாலை ஆசிரியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு.